விரல்நுனி அளவை: ஒரு திறனாய்வு

நூலைத் திறனாய்வது போலக் கருவியையும் திறனாயலாமா என்று வினவுவோர் உண்டு. நூல் கருத்தைச் சொல்கிறது. அதனை ஏற்கவும் மறுக்கவும் நமக்கு உரிமை இருக்கிறது. கருவியோ எண்ணைக் காட்டுகிறது. எண்ணோடு வாதிட இடம் ஏது என்பது அவர்தம் கருத்து. ஆனால், எண்ணும் ஒருவகைக் கூற்றே. அதனைச் சொல்வது யார், எதைக் கண்டு சொல்கிறார், யாரை மனத்திற் கொண்டு சொல்கிறார் என்று கேளாமல் ஏற்றுக்கொள்வது, ஏட்டில் கண்டதையெல்லாம் மூலபாடம் என்று கொள்வதைப் போன்றதே. அண்மைக் காலத்தில் நம் இல்லங்கள் பலவற்றிலும் நுழைந்துவிட்ட ஒரு சிறு மருத்துவக் கருவியைப் பற்றி அத்தகைய வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். விரல்நுனியில் மாட்டிக் குருதியின் உயிர்வளி நிலையை அறியும் 'பல்ஸ் ஆக்சிமீட்டர்' என்பதே அக்கருவி.

ஓர் இரவு

2021-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள். கோவிட்-19 பெருந்தொற்று கிள்ளான் பள்ளத்தாக்கைச் சூழ்ந்து நின்ற காலம். கிள்ளானில் உள்ள தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை நோயாளிகளால் நிரம்பி வழிந்ததை நாளேடுகள் படத்துடன் வெளியிட்டன. கடுமையான அறிகுறி இல்லாதோர் பலர் வீட்டிலேயே தனித்திருக்கப் பணிக்கப்பட்டனர். அவர்கள் தம் உடல்நிலையைத் தாமே கண்காணிக்க விரல்நுனிக் கருவி துணையாயிற்று. பிரிக்பீல்ட்ஸ் மருந்துக் கடைகளிலும் கிள்ளான் கடைத்தெருவிலும் அதைத் தேடி வாங்காதவர் குறைவு.

அத்தகைய ஓர் இரவில், எங்கள் தோட்டப் பள்ளியில் படிக்கும் மாணவி ஒருத்தியின் தாயார் தொலைபேசியில் அழைத்தார். "சார், அப்பாவுக்கு விரல்ல மாட்டிப் பார்த்தோம். தொண்ணூத்தி நாலு காட்டுது. நல்ல மார்க்குதானே சார்?" என்றார். அவர் குரலில் மகிழ்ச்சியே இருந்தது. முப்பது ஆண்டுகளாக மதிப்பெண் இட்டுப் பழகிய என் வாயும், "தொண்ணூறுக்கு மேல்தானேம்மா, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டது. தொலைபேசியை வைத்த பின்னர் மனம் அமைதி கொள்ளவில்லை. மருத்துவமனை உதவியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரை அழைத்துக் கேட்டேன். "95-க்குக் கீழே போனாலே எச்சரிக்கை ஐயா. பெரியவர் கறுத்த மேனியர் வேறு. உள்ளே இன்னும் குறைவாக இருக்கக்கூடும். உடனே அனுப்பச் சொல்லுங்கள்" என்றார். பெரியவர் அவ்விரவே சேர்க்கப்பட்டார். சில வாரங்களில் நலமுடன் வீடு திரும்பினார்.

நண்பர் கூற்றில் இரு பாடங்கள் இருந்தன. வகுப்பறையில் 94 முதன்மையான எண். விரல்நுனியில் அஃது அபாய மணி. இஃது ஒன்று. மற்றொன்று, ஒரே கருவி எல்லா மேனிக்கும் ஒரே வகையில் உண்மை பேசுவதில்லை என்பது. முதலாவது அறியாமை நம்முடையது; இரண்டாவது குறை கருவியினுடையது. இரண்டையும் தனித்தனியே ஆராய்வோம்.

பெயர் சொல்வதும் மறைப்பதும்

தமிழில் கருவிகளுக்குப் பெயரிடுங்கால் 'மானி', 'நோக்கி', 'காட்டி' என்னும் ஈறுகளைப் பெய்து வருகிறோம். வெப்பத்தை அளப்பது வெப்பமானி. நுண்பொருளைக் காண உதவுவது நுண்ணோக்கி. திசையைக் காட்டுவது திசைகாட்டி. இவை மாணவர்க்கு வேலையைச் சொல்லிக்கொடுக்கும் நல்ல பெயர்கள். ஆயினும் சில பெயர்கள் வழி தவறச் செய்கின்றன. மருத்துவர் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்பை 'இதயத் துடிப்புமானி' என்று எழுதுகிறோம். அஃது எதனையும் அளப்பதில்லை, நெஞ்சின் ஒலியைச் செவிக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவே. இதயத்தோடு நில்லாமல் நுரையீரல், குடல் ஆகியவற்றின் ஒலியையும் அதுவே கொண்டுவருகிறது. 1816-இல் பாரிஸ் நகரில் இதனைக் கண்ட இலாயென்னக்கு என்னும் மருத்துவரும், செவிக்குரிய கருவிக்குக் கண்ணுக்குரிய கிரேக்கச் சொல்லையே பெயராக வைத்தார். ஆகவே பிழை நமக்கு மட்டும் உரியதன்று.

விரல்நுனிக் கருவிக்கு வருவோம். உயிர்வளியை அளக்கும் மானி என்று பொருள்படவே அதற்கு எங்கும் பெயர் வழங்குகிறது. இப்பெயரைக் கேட்பவர், வெப்பமானி வெப்பத்தை அறிவது போல, இக்கருவி உயிர்வளியை நேரே தொட்டு அளக்கிறது என்றே கருதுவர். உண்மை அவ்வாறன்று. அக்கருவி உயிர்வளியைக் காண்பதே இல்லை. அது காண்பது ஒளியை மட்டுமே. ஒளியிலிருந்து உயிர்வளியை உய்த்துணர்கிறது. இந்த உய்த்துணர்வைப் பெயர் மறைத்துவிடுவதால், கருவியின் எண்ணை ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக நாம் கொள்ள நேர்கிறது.

இனி, அவ்வெண் எதன் எண் என்பதையும் தெளிதல் வேண்டும். குருதியில் உயிர்வளியைச் சுமப்பது ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருள். செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளை எண்ணிப் பாருங்கள். தோட்டத்திலிருந்து புறப்படும் 100 லாரிகளில் 94 நிறைந்து சென்றால், அந்த விழுக்காடே கருவி காட்டும் 94. மொத்தம் எத்தனை லாரிகள் உள்ளன என்பதை அது சொல்லாது. இரத்தசோகை உள்ளவரிடம் லாரிகளே குறைவு. இருக்கும் சில லாரிகள் நிறைந்து சென்றால் கருவி 98 என்றும் காட்டும். ஆலைக்குச் சேரும் சரக்கோ போதாது. ஆகவே 94 என்பது 100-க்குப் பெற்ற மதிப்பெண் அன்று. நலமுள்ளவர்க்குப் பொதுவாக 95 முதல் 100 வரை இருக்க வேண்டிய ஒரு விகிதம் அது. இந்த ஒரு செய்தியைத் தமிழில் தெளிவாக எழுதி ஒட்டியிருந்தால், அன்றிரவு அந்தத் தாயாருக்கும் எனக்கும் மயக்கம் நேர்ந்திராது.

இரைச்சலிலிருந்து பிறந்த கருவி

இக்கருவியின் பிறப்பு சுவையானது. குருதியின் உயிர்வளியை ஒளியால் அறியும் முயற்சி 1930-களிலேயே தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், உயரப் பறக்கும் விமானிகளுக்காகக் காதுமடலில் மாட்டும் கருவியை மில்லிகன் என்னும் அமெரிக்க அறிஞர் உருவாக்கினார். ஆனால், ஒளி வெறும் குருதியை மட்டும் கடந்து வருவதில்லையே. தோல், தசை, சிரைக்குருதி ஆகிய எல்லாமே அதை விழுங்குகின்றன. தமனிக்குருதியின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பது எங்ஙனம் என்பதே தீராச் சிக்கலாக இருந்தது.

இதனைத் தீர்த்தவர் சப்பான் நாட்டுப் பொறியியலாளர் தக்குவோ அயோயாகி. நிகோன் கோடன் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், இதயம் வெளியேற்றும் குருதியின் அளவை, சாயம் செலுத்திக் காதுமடல் வழியே ஒளியால் அறிய முயன்றுகொண்டிருந்தார். நாடி துடிக்குந்தோறும் அளவுக்கோடு அலைபாய்ந்து அவருக்கு இடையூறு செய்தது. அந்த இரைச்சலை நீக்க இன்னொரு நிற ஒளியைச் சேர்த்துப் பார்த்தார். உயிர்வளி மாறும்போதெல்லாம் நீக்கம் நிறைவேறாமற் போயிற்று. அப்பொழுதே அவருக்கு உண்மை பளிச்சிட்டது. இடையூறு என்று தாம் தள்ள நினைத்த துடிப்பே தமனிக்குருதியின் கையொப்பம்! துடிக்கும் பகுதி தமனிக்குருதி. துடிக்காத பகுதி தோலும் தசையும் பிறவும். துடிக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏனையவை கழிந்துவிடும். இக்கண்டுபிடிப்பை அவர் 1974-இல் வெளியிட்டார். 2020 ஏப்ரலில், உலகமே அவர் கருவியை நாடி ஓடிய பெருந்தொற்றுக் காலத்தில், அயோயாகி மறைந்தார்.

கருவியின் ஒருபுறத்தில் இரு சிறு விளக்குகள் உள்ளன. ஒன்று 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியையும், மற்றொன்று 940 நானோமீட்டர் அளவிலான கண்ணுக்குப் புலப்படா அகச்சிவப்பு ஒளியையும் உமிழ்கின்றன. உயிர்வளி ஏற்ற குருதி சிவப்பு ஒளியை மிகுதியாக விடுத்து அகச்சிவப்பை மிகுதியாக விழுங்கும். உயிர்வளி இழந்த குருதி அதற்கு மாறாகச் செய்யும். விரலின் மறுபுறத்தில் உள்ள உணரி, இரு ஒளிகளிலும் துடிப்போடு சேர்ந்து எழும் மாற்றத்தைக் கண்டு அவற்றின் விகிதத்தைக் கணக்கிடுகிறது. நம் சித்த மருத்துவர் மூன்று விரல்களால் நாடி பிடித்து வாத பித்த கபங்களை உய்த்துணர்ந்தார். இக்கருவி இரு ஒளிகளால் நாடி பிடிக்கிறது எனலாம்.

காட்சியா, கருதலா?

விகிதம் கிடைத்தது. அந்த விகிதம் எத்தனை விழுக்காட்டு உயிர்வளியைக் குறிக்கும்? இவ்வினாவுக்கு வெறும் கணக்கினால் விடை கிடைப்பதில்லை. கருவி செய்வோர் நலமுள்ள சிலரைத் தேர்ந்து, உயிர்வளியைப் படிப்படியாகக் குறைத்த காற்றை மருத்துவர் மேற்பார்வையில் உள்ளிழுக்கச் செய்கின்றனர். ஒவ்வொரு படியிலும் தமனியிலிருந்து குருதி எடுத்து ஆய்வுக்கூடத்தில் உயிர்வளியை அறிகின்றனர். அதே நேரத்தில் விரலில் கிடைத்த ஒளி விகிதத்தையும் குறித்துக்கொள்கின்றனர். இவ்விரண்டையும் இணைத்து உண்டாகும் அட்டவணையே கருவியின் உள்ளே பதிக்கப்படுகிறது. நம் விரலை மாட்டியதும் கருவி செய்வது இதுதான்: விகிதத்தைக் கண்டு, அந்த அட்டவணையைப் பார்த்து, விடையைச் சொல்லுகிறது. 70 விழுக்காட்டுக்குக் கீழே தன்னார்வலரைக் கொண்டுசெல்வது உயிருக்கு ஊறு ஆதலால், அதற்குக் கீழுள்ள எண்கள் நீட்டிக் கணித்தவையே.

இவ்விடத்தில் நம் பண்டைத் தருக்க நூலார் வகுத்த 'அளவை' என்னும் சொல்லை நினைவிற் கொள்ளல் தகும். மணிமேகலை அளவைகளை விரித்துரைக்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரும் அளவையை முன்வைத்தே நூலைத் தொடங்குகிறது. பொருளை நேரே கண்டறிவது காட்சி அளவை. காணும் ஒன்றிலிருந்து காணாத ஒன்றை அறிவது கருதல் அளவை. மலையில் புகையைக் கண்டு, அங்கே நெருப்பு உண்டு என்று துணிவது கருதல் அளவைக்கு வழிவழியாக வரும் எடுத்துக்காட்டு. அத்துணிவு எங்கிருந்து வந்தது? அடுக்களையில் புகையும் நெருப்பும் உடனிருக்கக் கண்ட பழக்கத்திலிருந்து வந்தது.

விரல்நுனிக் கருவி தருவது கருதல் அளவை. ஒளி விகிதம் புகை, உயிர்வளி நெருப்பு. தன்னார்வலர்களின் உடல்களே அந்த அடுக்களை. எனவே திறனாய்வாளன் கேட்கவேண்டிய வினா ஒன்றே: எந்த அடுக்களையில் கண்டீர்?

எந்த அடுக்களை?

அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இக்கருவியைச் சோதிக்க 10 பேர் போதும். அவர்களுள் கருமேனியர் இருவராவது, அல்லது மொத்தத்தில் 15 விழுக்காட்டினராவது, இவ்விரண்டில் எது மிகுதியோ அவ்வளவு பேர் இருத்தல் வேண்டும். பத்துப் பேரில் எண்மர் வெளிர்மேனியராக இருந்தாலும் சோதனை நிறைவுற்றது! ஒரே ஊரில் கிடைத்த எட்டு ஏடுகளையும் பிற ஊர்களில் கிடைத்த இரண்டு ஏடுகளையும் வைத்துக்கொண்டு ஒரு நூலைப் பதிப்பித்து, இதுவே எல்லார்க்கும் உரிய பாடம் என்று ஒரு பதிப்பாசிரியர் முத்திரையிட்டால், தமிழுலகம் பொறுத்துக்கொள்ளுமா?

விளைவு என்ன ஆயிற்று? 1990-இலேயே ஜுப்ரான், டோபின் என்னும் இரு மருத்துவர் எச்சரித்தனர். மூச்சுப்பொறியில் இருந்த வெள்ளையர்க்கு 92 என்ற எண் போதிய உயிர்வளியைக் குறித்தது. கறுப்பினத்தார்க்கோ 95 என்ற எண்ணை இலக்காகக் கொண்டாலன்றி நம்ப இயலவில்லை. 2005-இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள், உயிர்வளி குறையக் குறையக் கருமேனியரிடத்தில் கருவி உண்மையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டும் பிழை வளர்வதைக் காட்டினர். ஆயினும் உலகம் செவிசாய்க்கவில்லை.

2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வே உலகை உலுக்கியது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளையில், தமனிக்குருதியில் உயிர்வளி உண்மையில் 88-க்கும் கீழே இருந்த நிலை எத்தனை முறை நேர்ந்தது என்று அவர்கள் பார்த்தனர். வெள்ளையரிடத்தில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தாரிடத்தில் 11.7 விழுக்காடு. ஏறத்தாழ மும்மடங்கு! அன்றிரவு நான் கேட்ட 94 இந்த இடைவெளிக்குள்தான் நிற்கிறது என்பதை வாசகர் கருதிப் பார்ப்பாராக. 2022-இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு, கோவிட்-19 நோயாளிகளுள் கறுப்பினத்தாரும் இசுபானிய வழியினரும் மட்டுமன்றி ஆசியரும் இப்பிழைக்கு ஆளானதைக் கூறியது. கருவி உயர்த்திக் காட்டியமையால், மருந்துக்குத் தகுதியுடையோர் என்று அறியப்படுவதில் கறுப்பினத்தார்க்கும் இசுபானிய வழியினர்க்கும் காலத்தாழ்வு நேர்ந்ததையும் அது எடுத்துரைத்தது. கருவியின் சிறு பிழை மனிதரின் பெருங்கேடாக மாறும் வழி இதுவே.

துடிக்கும் பகுதியை மட்டும் எடுத்தால் தோலின் நிறம் கழிந்துவிடும் என்பது கொள்கை. நடைமுறையில் அது முற்றும் கழிவதில்லை. விளக்குகள் உமிழ்வது ஒற்றை அலைநீளம் அன்று; சற்றே பரந்த ஒரு பட்டை. மேனிக்குக் கருமை தரும் மெலனின், சிவப்பு ஒளியை அகச்சிவப்பைவிட மிகுதியாக விழுங்குகிறது. உணரியை அடையும் ஒளி மங்கும்பொழுது, குறிப்பாகக் கைகள் குளிர்ந்து குருதியோட்டம் தளர்ந்த வேளையில், விகிதம் பிறழ்கிறது. இவை காரணங்களாகக் கூறப்படுவன.

தடையும் விடையும்

இதற்குச் சிலர் தடை எழுப்புவர். முதலாவது தடை: "எல்லா அளவையும் கருதலே. வெப்பமானியும் பாதரசத்தின் விரிவைக் கண்டுதானே வெப்பத்தைச் சொல்கிறது?" உண்மையே. ஆனால் பாதரசம் கண்ணாடிக்குள் இருக்கிறது. யார் வாயில் வைத்தாலும் அதன் விரியும் இயல்பு மாறாது. விரல்நுனிக் கருவியிலோ, அளக்கப்படுபவரின் தோலே அளவுகோலின் ஒரு பகுதியாகிவிடுகிறது. மனிதர் மாற அளவுகோலும் மாறுகிறது. இவ்வேறுபாடு சிறிதன்று.

இரண்டாவது தடை: "அமெரிக்கக் கறுப்பினத்தாரின் கணக்கு நமக்கு எப்படிப் பொருந்தும்?" நேர்மையான வினா. அந்த ஆய்வுகள் இனத்தைக் கேட்டுக் குறித்தவை. தோலின் நிறத்தை அளந்து குறித்தவை அல்ல. தமிழரிடையே கோதுமை நிறமும் உண்டு, கருங்காலி நிறமும் உண்டு. ஆதலால் 11.7 என்ற எண்ணை அப்படியே நம்மேல் ஏற்றுவது பிழை. எனினும் மெலனின் என்னும் பொருள் டெட்ராய்ட்டிலும் கிள்ளானிலும் ஒன்றே. எண்ணைக் கடன் வாங்க வேண்டா. எச்சரிக்கையைக் கடன் வாங்கலாம்.

மூன்றாவது தடை: "இப்படிக் குறை சொன்னால் மக்கள் கருவியையே தூக்கி எறிந்துவிடுவர்." அஃது என் கருத்தன்று. அறுவைக் கூடத்தில் மயக்கநிலையில் இருப்போரைக் காப்பதில் இக்கருவிக்கு ஈடில்லை. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் இதற்கு இடம் உண்டு. அன்றிரவு அந்தப் பெரியவர் உயிர் பிழைக்கத் தூண்டுகோலாக இருந்ததும் இதுவே. நல்ல நூலின் பிழையைச் சுட்டுவது அந்நூலை இகழ்வதாகாது. அடுத்த பதிப்பு செம்மையுறவே சுட்டுகிறோம்.

அடுத்த பதிப்புக்கான முயற்சியும் தொடங்கிவிட்டது. பிரிட்டனில் மருத்துவக் கருவிகளின் சமநிலை குறித்து ஆராய அமைத்த தனிக்குழு, மார்கரெட் வைட்ஹெட் என்னும் பேராசிரியரின் தலைமையில் 2024 மார்ச்சில் தன் அறிக்கையை வெளியிட்டு, இக்கருவியின் குறையை வெளிப்படையாக எடுத்துரைத்தது. அமெரிக்க நிருவாகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட புதிய வரைவு, சோதனைக்கு 150 அல்லது அதற்கு மேற்பட்டோரை வேண்டுகிறது. அவர்களை இனப்பெயரால் பிரியாமல், பத்துப் படிகள் கொண்ட தோல்நிற அட்டவணையால் பிரித்து, வெளிர், இடை, கரு ஆகிய நிறத்தார் யாவரும் போதிய அளவு இடம்பெறச் சொல்கிறது. 10 எங்கே, 150 எங்கே!

கிள்ளான் கற்பித்த பாடம்

பிற நாட்டார் திருத்திக்கொண்டு வரட்டும், நாம் வாங்கிக்கொள்வோம் என்று இருந்துவிடலாமா? இவ்வினாவுக்குக் கிள்ளான் மண்ணே நூறாண்டுகட்கு முன்னர் விடை சொல்லியிருக்கிறது.

1901-இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராக இருந்தவர் மால்கம் வாட்சன். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்னும் உண்மையை ரொனால்டு ராஸ் 1897-இல் செக்கந்தராபாத்தில் கண்டறிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் கிள்ளானிலும், அந்நாளில் போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட துறைமுகத்திலும், காட்டைத் திருத்திச் சதுப்பு நீரை வடிகால் வெட்டி வெளியேற்றச் செய்தார். மலேரியா பெரிதும் தணிந்தது. இம்முறையே எங்கும் செல்லும் என்று பலரும் நம்பினர். ஆனால் மேட்டு நிலத் தோட்டங்களில் காட்டை அழித்தபோது, நோய் தணியாமல் ஓங்கியது. காரணம் என்ன? தாழ்நிலத்துக் கொசு நிழலான சதுப்பில் வாழ்வது. மேட்டு நிலத்துக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. ஓரிடத்தில் மருந்தானது மற்றோரிடத்தில் நஞ்சாயிற்று. பின்னர் ஓடை நீரை நிலத்தடிக் குழாய்கள் வழியே செலுத்தி மேட்டு நிலங்களில் வெற்றி கண்டனர். இடைப்பட்ட காலத்தில் அத்தோட்டங்களில் காய்ச்சலால் மாண்டோருள் நம் முன்னோர் மிகப் பலர்.

ஒரு நிலத்தில் மெய்ப்பித்த முறையை மற்றொரு நிலத்தில் மீண்டும் மெய்ப்பிக்க வேண்டும் என்பதே அப்பாடம். நிலத்துக்குப் பொருந்துவது உடலுக்கும் பொருந்தும்.

நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டம், அதாவது 737-ஆம் சட்டம், நடப்பில் உள்ளது. மருத்துவக் கருவி ஆணையத்தில் பதிவு பெற்ற கருவியே விற்கப்படல் வேண்டும். இது பாராட்டத்தக்க காவல். ஆயினும் அமெரிக்கா, ஐரோப்பா, சப்பான் முதலிய நாடுகளில் ஒப்புதல் பெற்ற கருவி, அவ்வொப்புதலைச் சான்றாகக் காட்டி இங்கும் எளிதில் பதிவு பெற வழியுண்டு. அவ்வாறு வரும்பொழுது அவர்களின் அடுக்களையும் உடன் வந்துவிடுகிறதே! மலாய்க்காரர், சீனர், இந்தியர், பூர்வகுடியினர் என வெளிர்நிறம் முதல் கருநிறம் வரை எல்லா மேனியரும் ஒரே மருத்துவமனைக் கூடத்தில் படுத்திருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கைவிட, இக்கருவிகளைச் சோதிக்க ஏற்ற இடம் உலகில் எத்தனை உண்டு? கோலாலம்பூரில் 1900-இலேயே மருத்துவ ஆய்வுக்கழகம் நிறுவப்பட்ட நாடு இது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலமும் இங்கேயே இருக்கிறது. பதிவுக்கு வரும் விரல்நுனிக் கருவிகளை நம் நாட்டு மேனிகளிலும் சோதித்து முடிவை வெளியிடல் வேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

ஆசிரியர் செய்யத்தக்கது

அரசு செய்யவேண்டியதை அரசுக்குச் சொன்னோம். நாம் செய்யத்தக்கது யாது? பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் நான் எடுத்துப் பார்த்த கருவிப் பெட்டிகளில் ஆங்கிலமும் சீனமும் மலாயும் இருந்தன, தமிழ் இல்லை. அதற்காக வணிகரை நோவதில் பயனில்லை. எழுத வல்லவர் நாம் அல்லவா?

பிரிக்பீல்ட்சில் இருப்புப்பாதைப் பணியாளராகக் குடியேறிய யாழ்ப்பாணத் தமிழரின் தாயகத்தில், 1847-இல் வந்திறங்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தங்கி, 1864 முதல் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய பெருநூல்களைத் தமிழில் வெளியிட்டார். ஊரில் தங்கி ஊராருக்கு உதவும் மருத்துவர் வேண்டுமாயின் ஊரின் மொழியிலேயே கற்பித்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருடைய சொற்களுட் பல இன்று வழக்கிழந்தன. அதனால் குறைவில்லை. சொல் நிலைப்பதைவிடப் பொருள் சென்று சேர்வதே அவர் நோக்கம். நாமோ ஒரு கருவிக்கு மூன்று கலைச்சொற்களை ஆக்கி, அவற்றுள் எது தூயது என்று வழக்காடிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கருவியைப் பயன்படுத்தும் முறையை மூன்று வரிகளில் எழுத மறந்துவிடுகிறோம்.

கருவியின் பெயர் 'ஆக்சிமீட்டர்' என்றே இருக்கட்டும். அதனுடன் சேர்த்து ஒட்ட, எளிய தமிழில் நான் எழுதிப் பார்த்த குறிப்பு வருமாறு. மருத்துவம் அறிந்தோர் இதனைத் திருத்தி நிறைவு செய்வாராக.

1. இது தேர்வு மதிப்பெண் அன்று. நலமாக இருப்பவர்க்குப் பொதுவாக 95 முதல் 100 வரை இருக்கும்.

2. நகச்சாயத்தை நீக்குங்கள். மருதாணி பூசிய விரலைத் தவிருங்கள். கறுப்பு மருதாணி ஒளியை மறிக்கும். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். அசையாமல் உட்கார்ந்து, எண் நிலைத்த பின்னரே படியுங்கள்.

3. நலமாக இருக்கும் நாளிலேயே ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள். நோயுற்ற நாளில் நேரத்துடன் குறித்து, முன்னைய எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு தனி எண்ணைவிட, எண் இறங்கிக்கொண்டே போகிறதா என்பதே முக்கியம்.

4. கறுத்த மேனியரிடத்தில் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். எல்லையை ஒட்டி நிற்கும் எண்ணை நல்ல எண் என்று கொள்ளாதீர்.

5. கரிப்புகை, தீ விபத்துப் புகை ஆகியவற்றைச் சுவாசித்தவரிடம் கருவி பொய்யாக நல்ல எண்ணைக் காட்டும். அதனை நம்பாதீர்.

6. மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், நெஞ்சு வலித்தால், பேச்சுக் குழறினால், எண் எதுவாயினும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆறாவது குறிப்பே அனைத்திலும் தலையாயது. அமெரிக்க நிருவாகமும் 2021 பிப்ரவரியில் பொதுமக்களுக்கு விடுத்த எச்சரிக்கையில், எண்ணை மட்டும் நம்பாமல் உடலின் அறிகுறிகளையும் எண்ணின் போக்கையும் சேர்த்துப் பார்க்கவே அறிவுறுத்தியது. நோயை ஆய்ந்து, அதன் காரணத்தை ஆய்ந்து, தணிக்கும் வழியையும் ஆய்ந்து செய்க என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்த முறையும் இதுவே. எண் அந்த ஆய்வுக்குத் துணை. ஆய்வுக்கு மாற்று ஆகாது.

ஆறாம் ஆண்டு அறிவியல் வகுப்பில் இக்கருவியை ஒருநாள் மேசைமேல் வைத்து, மாணவர் பலரின் விரல்களில் மாட்டிக் காட்டுங்கள். எண்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். பின்னர், "இக்கருவி உயிர்வளியைப் பார்த்ததா, ஒளியைப் பார்த்ததா?" என்று ஒரே ஒரு வினாவை எழுப்புங்கள். அந்த வினாவுக்கு விடை கண்ட பிள்ளை, வீட்டில் பாட்டனார் விரலில் 94 தோன்றும் இரவில் மகிழ்ந்து நிற்காது. பெரியவரின் மூச்சையும் முகத்தையும் பார்த்துவிட்டு, வண்டியை அழைக்கச் சொல்லும்.